அப்பாவுக்கு ஒத்துக்கொண்ட நாய்

புறவாசல் சுவரில் கால் தடம் இருந்ததை முதலில் பார்த்தது அம்மாதான். வெள்ளையடித்து ஆறு மாதம்கூட ஆகாத சுவர். செம்மண் ஒட்டிய ஒரு பாதம், ஐந்து விரல்களும் தெளிவாக, மேல்நோக்கிப் பதிந்திருந்தது. குழாயடியில் கழுவிக் கவிழ்த்திருந்த வெண்கல உருளியையும் கொடியில் காய்ந்த இரண்டு சேலைகளையும் காணவில்லை. இது நடந்தது பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் அம்மா சுவருக்கு இந்தப் பக்கம், அடுக்களையில், தேங்காய் துருவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டவுனை ஒட்டிய பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் புதிதாகப் பிரித்த மனைகளில் அப்பா வீடு கட்டியிருந்தார். எங்களுடையதையும் சேர்த்து அங்கே ஐந்தே வீடுகள். மற்றதெல்லாம் எல்லைக்கல்லும் உடைமரமும்தான். அப்பாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகலில் போவார், ஒரு வாரம் ராத்திரியில் போவார். நான் அவர்களுக்கு ஒரே பெண்.

அந்தக் கால் தடத்துக்குப் பிறகு அம்மா பட்டப்பகலிலும் மூன்று கதவுகளையும் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கத் தொடங்கினாள். ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் மூன்று முறை குரல் கொடுத்தால்தான் தாழ் விலகும். திறக்கும்போது ரவிக்கை முழுக்க நனைந்து நிற்பாள். வேர்வையா, பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே சுவரில் இன்னொரு தடம் விழுந்தது. இந்தத் தடவை எதுவும் போகவில்லை. அதுதான் அம்மாவை இன்னும் கலக்கியது.

"நாய் ஒண்ணு வேணும்" என்றாள் அன்று சாயங்காலம்.

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தப் பையில் எப்போதும் மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு. தூசி, தாளிக்கும் புகை, மார்கழிப் பனி எல்லாமே அவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் விட ஆகாதது நாய். என்றோ ஒரு கல்யாண வீட்டில் நாய் படுத்த பாயில் தெரியாமல் படுத்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்தபடியே தூங்கிய கதையை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்ன அவளேதான் இப்போது நாய் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டர்ட்ட கேட்டுப் பாக்கலாம்" என்றார் அப்பா.

அப்பாவை இருபது வருடமாகப் பார்த்துவந்த டாக்டர் டவுனில் இருந்தார். கட்டிலே இரண்டுதான் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. அப்பாவை வயது வித்தியாசம் பார்க்காமல் 'வே' போட்டுத்தான் பேசுவார்.

"வேண்டாம்னு சொன்னா கேப்பீரா?"

"வீட்டுல அவ பயந்துகிட்டு கெடக்கா டாக்டர்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "முடி கொட்டாத நாய், உடம்புக்கு ஆகுத நாய்னு எவனாவது வித்தாம்னா நம்பாதீரும். முடியில ஒண்ணும் இல்லவே. தோல்ல உதிருத பொடி, அது நக்குத எச்சி, அதுலதான் இருக்கு விஷயம். எந்தச் சாதியா இருந்தாலும் இது உண்டு. ஆனா ஒரு நாய் ஒத்துக்காது, இன்னொண்ணு ஒத்துக்கும். அது உம்ம மூச்சுக்குத்தான் தெரியும். குட்டியா எடுக்காதீரும். வளந்த நாயாப் பாரும். போயி அது கூட அர மணிக்கூர் ஒரே ரூம்ல உக்காரும். ஒரு தடவ பத்தாது, மூணு தடவ போவணும். மூணு தடவையும் சரியா இருந்தா கொண்டாரும். ராத்திரி படுக்குத ரூமுக்குள்ள மட்டும் விடக்கூடாது."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்து அப்பாவின் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "வாய நல்லாத் தொறந்துகிட்டு ஊதும். உதட்டக் குவிக்கக் கூடாது." அப்பா ஊதினார். சுடர் சாய்ந்து அணைந்தது. "இப்ப சரியா இருக்கீரு. நாய் கூட இருந்திட்டு வந்து இதச் செஞ்சு பாரும். அணையலைன்னா அந்த நாய் உமக்கு இல்ல."

நான் அப்பா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் டாக்டர் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூச்சு என்றால் அது அப்பாவுடைய மூச்சுதான்.

முதல் நாயைப் பார்க்க அம்பாசமுத்திரம் போனோம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருடைய அக்கா வீடு. வெள்ளை வெளேரென்ற பொமரேனியன். ஊரை விட்டுப் போகிறார்கள், யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு அறையில் அப்பாவையும் நாயையும் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் அடம்பிடித்து உள்ளே போய் அப்பா காலடியில் உட்கார்ந்துகொண்டேன். நாய் என் மடியில் ஏறிப் படுத்தது. அந்தச் சூடும், கையை வைத்தால் அமுங்குகிற அந்த முடியும் இன்றைக்கும் கையில் இருக்கிறது. அம்மா கதவுக்கு வெளியே நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "என்னங்க, எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். பத்தாவது நிமிடத்தில் அப்பாவின் கண்கள் சிவந்தன. கால் மணி நேரத்தில் அவர் நெஞ்சிலிருந்து பூனைக்குட்டி கத்துவது போன்ற அந்தச் சத்தம் வந்தது. தீக்குச்சி தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைக் கசக்கினேன். எனக்கும் கண் அரித்தது. மூக்கு ஒழுகியது. கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கினேன். தூசிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது முழுப் பொய் இல்லை. பாதி நம்பினேன்.

இரண்டாவது நாய் ஏரலில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வாழைத் தோப்புக்காரர் வீட்டில் இருந்தது. ஒல்லியான உடம்பு, வழவழப்பான குட்டை முடி, வேட்டைக்குப் பழகிய நாய். முதல் தடவை அப்பா முழு அரை மணி நேரமும் சுகமாக இருந்தார். குச்சி ஒரே ஊதில் அணைந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு பார்த்தேன். நாயின் உறுமலுக்குப் பயந்து நான் வெளியே வாய்க்கால் பக்கமே நின்றுவிட்டேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது தடவை போனோம். அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது. திரும்பும் வழியில், பஸ் ஸ்ரீவைகுண்டம் நெருங்கும்போது அப்பா பேச்சை நிறுத்தினார். பிறகு முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் உதடு கறுத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அம்மா கண்டக்டரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தினாள். சாலையோரப் புளியமரத்தடியில் அப்பாவை உட்காரவைத்தோம். மாத்திரையை விழுங்கிவிட்டு, தோள்கள் ஏறி இறங்க, அவர் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று அவருக்குப் பேச்சு வர.

"போதும்" என்றாள் அம்மா. "உருளி போனாப் போவட்டும். இனி எவன் ஏறிக் குதிச்சாலும் குதிக்கட்டும். எனக்கு நாய் வேண்டாம்."

அப்பா தலையை ஆட்டினார். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொல்ல முடிந்தது. "நீ மூணு கதவையும் பூட்டிக்கிட்டு உள்ள வேர்த்துக்கிட்டு இருக்க. அத நெனச்சாலே அங்கன ஷிப்டுல எனக்கு மூச்சு வரமாட்டேங்கு. அதுக்கு என்ன செய்ய?"

அம்மா அழுதாள். நான் மரத்தடியில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாய் விஷயத்தில் அவர்கள் ஒருவருக்காக ஒருவர் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த வயதிலும் எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் பின்னால் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி, எனக்கு நாய் வேண்டும்.

மூன்றாவது நாய் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே கிடைத்தது. தொழிற்பேட்டையில் லேத் ஓடும் ஒரு கடைசல் பட்டறை. அதை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போகவிருந்தார் அதன் முதலாளி. பட்டறைக்குக் காவலாக இருந்த பெட்டை நாய் அது. மூன்று வயது, செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். எந்தச் சாதியும் இல்லாத நாட்டு நாய்.

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இது கூட உக்காந்து பாக்கணும்" என்றார் அப்பா கூச்சத்தோடு.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார் பட்டறைக்காரர். ஆனால் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரும்புத்தூள் இல்லாத பின் அறையைத் துடைத்துவிட்டார். நாயை வாய்க்காலில் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். மூன்று தடவையும் அப்பாவின் மூச்சு சீராக இருந்தது. மூன்றாவது தடவை அவர் அந்த நாயின் கழுத்தில் முகத்தை வைத்தே பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ராத்திரிவரை காத்திருந்தோம். மறுநாள் காலைவரை காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. குச்சி அணைந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாய் என் முன்கையை நக்கிய இடத்தில் பத்தே நிமிடத்தில் தடித்துவிட்டது. வரிவரியாகச் சிவப்புத் தடிப்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"முருங்க மரத்துல கம்பளிப்பூச்சி" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அந்த நேரம் எங்கள் முருங்கையில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக இருந்தது உண்மை. அம்மா எண்ணெய் தடவிவிட்டாள். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து தடிப்பைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முன் நாய் வீட்டுக்கு வந்தது. பெயர் வைக்க வேண்டாம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பேரு வச்சிட்டா பொறவு திருப்பிக் குடுக்க மனசு வராது. ஒரு மாசம் போவட்டும்." அதனால், பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல, அதை "ஏட்டி" என்றே கூப்பிட்டோம். என்னையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா புறவாசலைப் பார்த்து "ஏட்டி, சாப்பிட வா" என்றால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போவோம்.

வந்த நாலாம் நாளே அது தன் வேலையைச் செய்துவிட்டது. மத்தியானம் சுவருக்கு மேல் இரண்டு கைகள் தெரிந்திருக்கின்றன. நாய் பாய்ந்த பாய்ச்சலில் அந்தப் பக்கம் யாரோ தொப்பென்று விழுந்து ஓடிய சத்தம் கேட்டதாம். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டின் மூன்று கதவுகளும் திறந்து கிடந்தன. ஜன்னல்களும் திறந்திருந்தன. அம்மா புறவாசல் படியில் காற்றாட உட்கார்ந்து, ஈரத் தலையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலடியில் படுத்திருந்தது. அந்தக் காட்சிக்குப் பிறகு நான் எப்படிச் சொல்ல முடியும்?

மழை பிடித்தது. நாயை அடுக்களைக்கும் புறவாசலுக்கும் நடுவிலிருந்த நடைக்குள் விட்டோம். அந்த நடையை ஒட்டித்தான் நான் படிக்கிற இடம். முதலில் காலையில் பத்துப் பன்னிரண்டு தும்மல் வந்தது. பிறகு இருமல். "மழைக்குச் சளி" என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறும்போது காற்று பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்தால் வந்தது, வெளியே விட முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, அம்மா குளிக்கும் நேரத்தில், அடுக்களைத் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைக் கிழித்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். வாயைத் திறந்து ஊதினேன். சுடர் லேசாக அசைந்தது. மறுபடி ஊதினேன். விரலைச் சுட்டதும் கீழே போட்டு மிதித்தேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் மாத்திரையில் கை வைத்தேன். அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் அவர் இரண்டு அட்டை சேமிப்பாக வைத்திருப்பார். முதலில் பாதி மாத்திரை. அரை மணி நேரத்தில் நெஞ்சு இளகியது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. கை மட்டும் நடுங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஒரு வாரத்தில் ஒரு முழு மாத்திரை ஆனது. பிறகு நாளுக்கு இரண்டு. பெரியவர்களுக்கான மாத்திரை என்பதும் அது என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியாது. ராத்திரி ஷிப்டு இல்லாத வாரங்களில் அப்பா, அம்மா இருவருக்கும் நடுவில் படுத்திருப்பேன். சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, வாயால் பைய, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடுவேன். அம்மா பாதித் தூக்கத்தில் கையை நீட்டி அப்பாவின் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பாள். என்னைத் தாண்டித்தான் அந்தக் கை போகும்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு சாயங்காலம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா அலமாரியைத் துடைக்கும்போது இரண்டு காலி அட்டைகளைக் கண்டுபிடித்தாள். அப்பா ஷிப்டு முடிந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நான் நடைப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாம மாத்திர போடுதியளா?"

"என்ன மாத்திர?"

"இத. ரெண்டு அட்டயும் காலி." அம்மா அட்டைகளை அப்பாவின் முன்னால் நீட்டினாள். "நாய் ஒத்துக்கிட்டுன்னு சொல்லி என்னய ஏமாத்திக்கிட்டு, தெனமும் இத முழுங்கிக்கிட்டு இருந்திருக்கிய. நான் கதவத் தொறந்து போட்டு நிம்மதியாத் தூங்குதேன், நீங்க எனக்காகச் செத்துக்கிட்டு இருக்கிய."

"ஏளா, நான் எடுக்கல."

"பின்ன யாரு எடுத்தா? நாயா எடுத்துச்சு?"

"சத்தியமா நான் எடுக்கல."

நான் நிமிரவில்லை. அப்பா நடந்து வருவது தெரிந்தது. அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டை எடுத்தார். அன்றைக்கு எழுதிய பக்கத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் முன்னால் புரட்டினார். இன்னும் பத்துப் பக்கம் முன்னால் போனார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த மூன்று வாரப் பக்கங்களில் மட்டும் எழுத்தெல்லாம் புழு நெளிகிற மாதிரி இருந்தது. அந்த மாத்திரை போட்டால் கை எப்படி நடுங்கும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் எழுந்து போய்த் தீப்பெட்டியோடு வந்தார்.

"ஊது" என்றார்.

அம்மா, "என்னங்க செய்யுதிய?" என்றாள். அவர் குச்சியைக் கிழித்து என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். நான் உதட்டைக் குவித்து ஊதினேன். சுடர் அணைந்தது. அவர் இன்னொன்றைக் கிழித்தார்.

"வாயத் தொறந்து ஊதுட்டி."

திறந்து ஊதினேன். சுடர் அப்படியே நின்றது. மறுபடியும் ஊதினேன். நெஞ்சுக்குள் கிடந்த காற்றெல்லாம் அங்கேயே கிடந்தது. குச்சி எரிந்து அப்பாவின் விரலைத் தொட்டது. அவர் விடவில்லை. அது தானாகக் கருகி அணையும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் கையிலிருந்து அட்டைகள் கீழே விழுந்தன.

நான் எழுந்து நடைக்குள் ஓடினேன். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அது ஒண்ணும் செய்யல, அது ஒண்ணும் செய்யல" என்று திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஈர முடி என் முகம் முழுக்க ஒட்டியது. அழுகையில் இழுத்த மூச்சு திரும்பி வெளியே போகவில்லை. யாரோ என் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. அப்பா என்னைத் தூக்கும்போது என்னால் அழக்கூட முடியவில்லை.

அந்த மழையில் ஆட்டோ கிடைக்காது. அப்பாவின் மொபெட்டில்தான் போனோம். அப்பா ஓட்ட, நடுவில் நான், பின்னால் அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. நாய் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தது. நனைந்துகொண்டே ஓட்டியதில் அப்பாவுக்கும் இளைப்பு வந்துவிட்டது. முன்னால் அவர் முதுகு ஏறி இறங்குவது என் கன்னத்தில் தெரிந்தது. அவருடைய சத்தம், என்னுடைய சத்தம், இரண்டும் மாறி மாறிக் கேட்டன.

ரயில்வே கேட் அடைத்திருந்தது.

தென்காசி வண்டி வர வேண்டும். இரண்டு பக்கமும் மாட்டு வண்டியும் லாரியும் நின்றன. அப்பா மொபெட்டை நிறுத்திவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தார். கேட்காரர் ஓடி வந்து மறித்தார். "வண்டி வருது. கண்ணு தெரியுதுல்லா." அப்பாவால் பதில் பேச முடியவில்லை. அம்மாதான் சொன்னாள்: "அண்ணாச்சி, புள்ளைக்கு மூச்சு நிக்கப் போவுது." அவர் என் முகத்தைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு அசையாமல் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தா வந்திட்டு. ரெண்டே நிமிசம். நான் பிடிச்சிருக்கேன், அசையாதீங்க." வெளிச்சம் வந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போனது. அவ்வளவு நீளமான ரயிலை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. ஏழு பெட்டிகளுக்கு மேல் இருந்திருக்காது.

டாக்டர் என்னைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, கை நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார். பக்கத்துக் கட்டிலில் அப்பா. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு தளர்ந்தது. முதலில் காதுகளில் மழைச் சத்தம் திரும்பி வந்தது.

டாக்டர் மாத்திரைக் கணக்கைக் கேட்டதும் முகம் வெளுத்துப் போனார். என்னைத் திட்டவில்லை. அப்பாவிடம் சொன்னார்: "அன்னிக்கு உம்ம பக்கத்துல முக்காலியில உக்காந்திருந்தா. அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் இருக்கலாம்னு எனக்குத் தோணியிருக்கணும். உம்மையே பாத்துக்கிட்டு இருந்திட்டேன்."

"நான் பாத்தேன் டாக்டர்" என்றார் அப்பா. அம்மா திரும்பினாள். "பட்டறையில மொத நாளே கையில தடிப்பப் பாத்தேன். கம்பளிப்பூச்சின்னு சொன்னா. நம்பிக்கிட்டேன். நம்பணும் போல இருந்துச்சு."

அம்மா அவர் தலைமாட்டிலும் என் தலைமாட்டிலும் மாறி மாறி நின்றாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாயைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பட்டறை பூட்டிக் கிடந்தது, அண்ணாச்சி கோயம்புத்தூருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தனியாக இருந்தார். அம்மா போய்ப் பேசினாள். "விடும்மா, எனக்கும் ஒரு துணையாச்சு" என்றாராம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அம்மா நடையைக் கழுவி, என் பாய் தலையணையெல்லாம் வெந்நீரில் ஊறப்போட்டு, நாயையும் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

ஆனால் நாய் அங்கே இருக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வாசல் கேட்டில் நின்றது. நர்சம்மா வந்து இழுத்துப் போனார். மத்தியானம் மறுபடி வந்தது. கேட் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு முனகியது. என்னை ஜன்னல் பக்கம் போகவே விடவில்லை. நான் பாயில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அம்மா கேட்டைத் திறந்து வெளியே போனாள். சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். நாய் வாலை ஆட்டியது. சாப்பாடு என்று நினைத்திருக்கும். அம்மா கல்லை ஓங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அதன் காலுக்கு முன்னால் தரையில் அடித்தாள். நாய் பின்வாங்கி நின்று அவளைப் பார்த்தது. இரண்டாவது கல் அதன் விலாவில் பட்டது. ஒரே ஒரு கத்தல். அதன் பிறகு அது எங்கள் கேட்டுக்கு வரவே இல்லை.

அம்மா உள்ளே வந்து அடுக்களையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. அப்பா ஹோட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்தார்.

சுவர் ஏறியவன் மறுபடி வரவில்லை. நாய் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். இல்லை, அதற்குள் மனைகளில் வீடுகள் எழும்பத் தொடங்கிவிட்டதால் இருக்கலாம். அம்மா கதவைத் திறந்தே வைக்கப் பழகிக்கொண்டாள். தை பிறந்ததும் தினமும் சாயங்காலம் நர்சம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். எதற்குப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, வீட்டைச் சுற்றிப் புறவாசல் வழியாக வந்து, நேராகக் குளியலறைக்குள் போவாள். தலையோடு குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்ட பிறகுதான் என் பக்கத்தில் வருவாள். உள்ளே செம்பில் மொண்டு ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பாடப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அம்மா மேல் எனக்கு அப்போது இருந்தது பொறாமைதான், வேறொன்றும் இல்லை. அப்பா மேல் இருந்தது கோபம். அந்தக் குச்சியை ஏன் அம்மாவுக்கு முன்னால் கிழித்தார் என்ற கோபம். அது தீரச் சில வருடங்கள் ஆயின. மாதா மாதம் டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டியிருந்தது. ஒரே மொபெட்டில் போய், ஒன்றும் பேசாமல் திரும்பி வருவோம்.

கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், யாரிடமும் சொல்லாமல் மூன்றாவது வீட்டுக்குப் போனேன். நாய்க்கு வயதாகிவிட்டது. முகத்தில் வெள்ளை விழுந்திருந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று, "ஏட்டி" என்றேன். அது படுத்த இடத்திலிருந்து எழுந்து வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் பாவாடை விளிம்பை மோந்து பார்த்தது. நான் கையை நீட்டவில்லை. அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பைய நடந்து போய் நர்சம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.